போகவே போகாத பியூஸ்

இன்று பாலக்கோட்டில் ஒரு எலக்ட்ரிகல் கடை. வீட்டில் பாட்டுக் கேட்க வைத்திருக்கும் பழைய ஆம்ப்ளிபயருக்கு இரண்டு ஆம்பியர் பியூஸ் கேட்டேன்.

பக்கத்தில் நின்ற என் வயதுக்காரர் ஒருவர் என்னையே பார்த்தார்.

"நீங்க மைக்செட்காரர்தானுங்களே? எண்பத்தஞ்சுல, மாரண்டஹள்ளில எங்க தங்கச்சி கல்யாணத்துக்குக் கட்டுனீங்களே?"

மறக்குமா? அன்று வோல்டேஜ் எகிறி எகிறி மூன்று பியூஸ் போனது. நான்காவது வாங்க நான் கடைக்குப் போயிருந்தபோது, பாட்டு தானாகக் கேட்டது. ஓடி வருவதற்குள் ஆம்ப்ளிபயர் புகைந்து, இரண்டு ஸ்பீக்கரும் ஊமையாகிவிட்டன. 'டுபாக்கூர் செட்டு' என்று பெயரெடுத்து, தொழிலையே விட்டேன்.

"தாலி கட்டற நேரத்துல பாட்டு இல்லாட்டி நல்லாவாங்க இருக்கும்? போன பியூஸு மேல சிகரெட் டப்பா ஈயத்தாளச் சுத்தி நாந்தாங்க சொருவுனேன்."

நாற்பது வருடம் கழித்துச் சொல்கிறார். முகத்தில் பெருமை வேறு.

"அதுக்கப்புறம் பியூஸு போவவே இல்ல, பாத்தீங்களா?"

கடைக்காரர் உள்ளிருந்து வந்தார். "ரெண்டு ஆம்பியர் தீந்துபோச்சுங்க."

உடனே நம்மவரின் கை சட்டைப் பையிலிருந்த சிகரெட் டப்பாவுக்குப் போனது.

"பாட்டே வேண்டாங்க" என்று பஸ் ஏறிவிட்டேன்.

உங்கள் செட்டையும் இப்படிக் காப்பாற்றிய புண்ணியவான் யாராவது உண்டா?