ஃபேன் வைத்த வெல்டிங் மிஷின்

2005இல் குயிலாப்பாளையத்தில் ஒரு விருந்தினர் விடுதியில் பழுது பார்க்கும் வேலையில் இருந்தேன். வீடு மரக்காணத்தில், உப்பளத்தை ஒட்டி. அந்த உப்பளத்தில்தான் என் மனைவி பத்து வருஷமாகக் கூலிக்கு உப்புக்கூடை சுமந்தாள். கழுத்தெலும்பு தேய்கிறது, தலைச்சுமையை நிறுத்தாவிட்டால் கை மரத்துப்போகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வரப்பில் ஓடுகிற மாதிரி ஒற்றைச் சக்கர வண்டி செய்து தருகிறேன் என்றேன். ஒரு வண்டிக்குச் சொந்த வெல்டிங் மிஷின் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும்.

மிஷினில் இரண்டு வகை இருந்தன. ஒன்றில் காயில், அதாவது உள்ளே இருக்கிற கம்பிச்சுருள், எண்ணெய்த் தொட்டிக்குள் மூழ்கியிருக்கும். தூக்க இரண்டு ஆள் வேண்டும். மற்றதை உள்ளே சுழலும் ஃபேன் காற்றடித்துக் குளிர வைக்கும், நானே தூக்கிவிடலாம். விடுதி எலக்ட்ரீஷியனைக் கேட்டேன். புதுச்சேரியில் மூன்று கடைக்காரர்களைக் கேட்டேன். பொம்மையார்பாளையத்தில் கேட் செய்பவரையும் விடவில்லை. சின்ன வேலை, மெல்லிய பைப், வீட்டு கரண்ட் என்று எல்லோரிடமும் ஒப்பித்தேன். தினமும் மூக்கில் ஏறுகிற உப்புக்காற்றை மட்டும் சொல்ல மறந்தேன். ஃபேன் மிஷின் வீட்டுக்கு வந்தது.

கை பழகட்டும் என்று முதலில் பூந்தொட்டி ஸ்டாண்டு செய்தேன். அக்கம்பக்கத்தில் பாராட்டவே, செருப்பு ஸ்டாண்டு, கொடிக்கம்பி மாட்டும் கொக்கி என்று மாதங்கள் ஓடின. அவள் கூடை சுமந்துகொண்டுதான் இருந்தாள். வண்டிச் சட்டம் பாதி ஆனபோது மிஷினிலிருந்து புகை வந்தது. கழற்றிப் பார்த்தால் காயில் முழுக்க ஈர உப்பு.

வேலையிலிருந்து வந்தவள் குனிந்து பார்த்தாள்.

"காத்து இழுக்கிற மோட்டார் எதுவும் எங்க அளத்துல ரெண்டு சீசன் தாங்காதுங்க. மேஸ்திரியே இப்பல்லாம் அத வாங்கறதில்ல. ஊரெல்லாம் கேட்டீங்களே, என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?"

வெட்கமாக இருந்தது. மூடியைத் திருகினேன்.

அடுத்த வருஷம் எண்ணெய் மிஷின் வாங்கினேன். இந்த முறை நேராக வண்டிதான். உப்பில் துருப் பிடிக்காமலிருக்க மேலே பலகை அடித்தேன், இரண்டு கோட் பெயின்ட் கொடுத்தேன். வாசலில் நிறுத்தி அவளைக் கூப்பிட்டேன்.

"நல்லா கீதுங்க" என்று கைப்பிடியைப் பிடித்தாள். இடது கை பிடித்தது. வலது கை விரல்கள் மடங்கவில்லை.