பகிடிக்கு வைத்த பெயர்

அந்தப் பெயரை வைத்தது நான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எண்பத்தாறாம் ஆண்டு. கொடிகாமத்துக்குக் கிட்ட ஒரு சுருட்டுக் கொட்டிலில் எனக்கு வேலை. ஏழு பேர் வரிசையாக இருந்து சுருட்டுச் சுற்றுவோம். எனக்குப் பக்கத்தில் இருந்தவன் என் சிநேகிதன். ஐந்தாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டபோது அவனும் விட்டவன். கை புகையிலையில் இருக்கும். வாயில் பற்றவைக்காத சுருட்டு ஒன்று இருக்கும். எதற்கும் ஒரு வழி வைத்திருப்பான். மழைக்கு இலை நனையாமல் இருக்க ஒரு வழி. முதலாளியின் நாயை ஏமாற்ற ஒரு வழி. ஒன்றும் சரிவந்ததில்லை.

அந்த வருடம் டென்மார்க்கில் இருந்த என் தம்பி ஒரு வீடியோக் கசெற் அனுப்பினான். கடிதத்துக்குப் பதிலாக அது. முதலாளி வீட்டில் ரீவியும் கசெற் போடுகிற டெக்கும் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மாவும் கொட்டில் ஆட்களும் அங்கே போய் நிலத்தில் இருந்து பார்த்தோம். தம்பியின் அறை. அவன் சமைக்கிற அடுப்பு. சன்னலுக்கு வெளியே பனி. அம்மா ரீவிக்குக் கிட்டப் போய் இருந்துகொண்டாள். கடைசியாகத் தம்பி சொன்னான்:

"மிச்சத்திலை இந்த நாட்டுப் பகிடிப் படம் ஒண்டு கிடக்கு. அதிலை வாற கள்ளனை இஞ்சை சின்னன் பெரிசு எல்லாருக்கும் விருப்பம். பாருங்கோ."

படம் ஓடியது. பாஷை விளங்கவில்லை. விளங்கத் தேவையும் இருக்கவில்லை. தொப்பி போட்ட ஒரு கள்ளன் மறியல் முடிந்து சிறையில் இருந்து வெளியே வருகிறான். வாசலில் இரண்டு கூட்டாளிகள் காத்து நிற்கிறார்கள். அவன் வாயில் சுருட்டு. பெரிய இரும்புப் பெட்டி ஒன்றை உடைக்க மணிக்கூட்டைக் காட்டி நிமிடக் கணக்கில் திட்டம் சொல்கிறான். மற்ற இருவரும் அதைக் குழப்பிவிடுகிறார்கள். முடிவில் பொலிஸ் வந்து அவனை மட்டும் கொண்டுபோகிறது.

என் சிநேகிதன் சிரித்துச் சிரித்துச் சுவரில் சாய்ந்துவிட்டான்.

"சுருட்டைப் பார் மச்சான்," என்றேன். "பத்தவைக்கிறாரில்லை. உவர் எங்கடை கொட்டில் ஆள்."

அடுத்த நாள் கொட்டிலில் என் சிநேகிதனுக்குப் பெயர் வைத்தோம். கள்ளர் தலைவர் என்றான் ஒருவன். நான் மறித்தேன்.

"தலைவர் எண்ட சொல்லு வேண்டாம். அதுக்கு இயக்கத்திலை ஆக்கள் இருக்கினம். பெரியகள்ளன் எண்டு வைப்பம்."

ஆபத்தை விலக்கிவிட்டதாக நினைத்தேன்.

அவனுக்கும் பிடித்துப்போயிற்று. காலையில் வரும்போதே, "பெரியகள்ளன் வந்திட்டன், பெட்டியைத் திறவுங்கோ," என்று சொல்லிக்கொண்டு வருவான். பெயர் தேத்தண்ணிக் கடைக்குப் போனது. சந்தைக்குப் போனது. அவன் பெண்சாதியும் ஒருநாள் கொட்டில் வாசலில் வந்து, "பெரியகள்ளன் நிக்கிறாரோ?" என்று கேட்டாள்.

அந்த நாட்களில்தான் ஊரைத் தன் கையில் எடுத்த ஆயுத இயக்கம் லைற் போஸ்ற்றுகளில் ஆட்களைக் கட்டத் தொடங்கியது. விடிய வேலைக்குப் போனால் சந்தியில் ஒருவர் தலை தொங்க நிற்பார். சுட்டிருப்பார்கள். நெஞ்சில் ஒரு பலகை. அதில் செய்த குற்றம் எழுதியிருக்கும். நாங்கள் சைக்கிளை விட்டு இறங்காமல் போய்விடுவோம். கொட்டிலில் அதைப் பற்றிக் கதைப்பதில்லை. அந்தப் பலகையில் நான் அதிகம் கண்ட சொல்லைத்தான் நாங்கள் அவனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தோம். அது ஒருவருக்கும் உறைக்கவில்லை. எனக்கும்தான்.

பிறகு பக்கத்து ஊரில் ஒரு தோட்டத்துத் தண்ணீர் இறைக்கிற மெஷின் களவு போனது. வெங்காயம் வாடுகிற காலம். தோட்டக்காரன் இயக்கத்திடம் போய்ச் சொன்னான். இரண்டு பொடியள் மோட்டார்சைக்கிளில் வந்து தேத்தண்ணிக் கடையில் விசாரித்தார்கள். இஞ்சை கள்ளர் ஆரும் இருக்கினமோ என்று கேட்டிருக்கிறார்கள். கடையில் இருந்த ஒருவர் பகிடியாக, "பெரியகள்ளன் சுருட்டுக் கொட்டிலிலை இருக்கிறார்," என்றாராம்.

அவர்கள் நேரே கொட்டிலுக்கு வந்தார்கள். ஒருவனின் தோளில் ஏகே துவக்கு.

"இதிலை பெரியகள்ளன் ஆர்?"

"ஓம், நான்தான்," என்றான் அவன். பழக்கத்தில் வந்துவிட்டது. நிமிர்ந்து பார்த்தபின்தான் சுருட்டை வாயிலிருந்து எடுத்துப் பலகையில் வைத்தான்.

நான் எழும்பினேன். "தம்பி, அது பகிடிக்கு வைச்ச பேர். நான்தான் வைச்சனான்."

"பேர் சும்மா வராது அண்ணை," என்றான் துவக்கு வைத்திருந்தவன்.

என் சிநேகிதனை மோட்டார்சைக்கிளில் நடுவில் இருத்திக் கொண்டுபோனார்கள். மோட்டார்சைக்கிள் சத்தம் போகும்வரை ஒருவரும் இலையைத் தொடவில்லை.

பொழுதுபடமுன் அவன் பெண்சாதி என் வீட்டுப் படலையில் வந்து நின்றாள். அழவில்லை.

"நீங்கள் வைச்ச பேர்தானே," என்றாள். "நீங்களே போய் எடுத்துக்கொண்டு வாங்கோ."

அடுத்த நாள் காலை கசெற்றை ஒரு துணிப் பையில் போட்டுக்கொண்டு போனேன். சொந்தக்காரர் கொழும்புக்குப் போய்விட்ட ஒரு கல்வீட்டில் இயக்கப் பொடியள் இருந்தார்கள். விறாந்தைச் சுவரோடு ஒரு பலகை சாத்தியிருந்தது. வெள்ளைப் பலகையில் கறுப்புப் பெயின்ற்றால் "கள்ளன்" என்று எழுதிக் காயவிட்டிருந்தார்கள். கடைசி எழுத்திலிருந்து பெயின்ற் வழிந்து கீழே இறங்கியிருந்தது. அதற்குக் கீழே வெறுமையாக இடம் விட்டிருந்தார்கள்.

அவர்களின் பொறுப்பாளருக்கு இருபது வயது இருக்கும். மரியாதையாகக் கதிரை தந்தார்.

"விசாரணை நடக்குது அண்ணை. ஆளே ஒப்புக்கொண்டவர் எண்டு பொடியள் சொல்லுறாங்கள்."

நான் கசெற்றை மேசையில் வைத்தேன். "இதைப் பாருங்கோ. பார்த்திட்டுச் செய்யிறதைச் செய்யுங்கோ."

அவர்களிடமும் ஒரு ரீவி இருந்தது. ஐந்தாறு பேர் வந்து இருந்தார்கள். துவக்குகளைச் சுவரில் சாத்தினார்கள். முதலில் தம்பியின் முகம் வந்தது. பொறுப்பாளர் படத்தை நிற்பாட்டினார்.

"உவர் ஆர்?"

"என்ரை தம்பி."

"முந்தி வேறை ஏதும் இயக்கத்திலை இருந்தவரோ?"

"இல்லை. லேத்து வேலை."

கொஞ்ச நேரம் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் தம்பி கையை உயர்த்தியபடி நின்றான். பிறகு ஓடவிட்டார்.

கள்ளன் வந்தான். சுருட்டு வந்தது. கூட்டாளிகள் குழப்பத் தொடங்கியதும் ஒரு பொடியன் சிரித்தான். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். பொறுப்பாளர் மட்டும் சிரிக்கவில்லை. அவர்கள் சிரிக்கும்போதெல்லாம் அவர் என்னைப் பார்த்தார். உள் அறைக் கதவு பூட்டியிருந்தது. அதற்குள்ளே அவன் இருந்தானோ தெரியாது. இருந்திருந்தால் இந்தச் சிரிப்பைக் கேட்டிருப்பான்.

கடைசியில் பொலிஸ் கள்ளனைப் பிடித்தது.

"பிறகு?" என்றார் பொறுப்பாளர்.

"மறியலுக்குப் போவார்."

"சுடமாட்டினமோ?"

"இல்லை. விட்டிடுவினம். திரும்பவும் களவெடுக்க வருவார். அங்கை எல்லாருக்கும் அவரிலை விருப்பமாம்."

"கள்ளனிலையோ?"

"ஓம்."

அவர் கசெற்றை வெளியே எடுத்து மேசையில் வைத்தார். அதன்மேல் கையை வைத்துக்கொண்டார்.

"நாளைக்கு மத்தியானம் வாங்கோ."

திரும்பும்போது அவன் வீட்டுக்குப் போனேன். "நாளைக்கு வரட்டாம்," என்றேன்.

"என்னத்துக்கு?" என்றாள் அவன் பெண்சாதி.

நான் கேட்கவில்லை. கேட்கப் பயம்.

மறுநாள் சந்தியால் போகாமல் வயல் ஒழுங்கையால் சுற்றிப் போனேன். கொட்டில் ஆள் ஒருவனும் கூட வந்தான். வாசலில் இரண்டு பேரும் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றோம். படத்தில் நின்ற இருவரின் நினைவு வந்தது. கூட வந்தவனுக்கும் வந்திருக்கும்.

வெயில் உச்சிக்கு வந்தபின் கதவு திறந்தது. என் சிநேகிதன் வந்தான். இடுப்புச் சாரத்தை இரண்டு கையாலும் பிடித்திருந்தான்.

"ஏறு மச்சான்," என்றேன்.

"இருக்கேலாது, நோகுது. நடப்பம்."

கசெற்றைக் கேட்டேன். அது இருக்கட்டும் என்றார்கள். நான் திரும்பக் கேட்கவில்லை. விறாந்தையைப் பார்த்தேன். பலகை அங்கே இல்லை.

அம்மா தம்பியைப் பார்க்கவேண்டும் என்று கேட்டபோது கசெற் பழுதாகிவிட்டது என்று சொன்னேன். தம்பிக்கு ஒரு கடிதம் போட்டேன். இப்போதைக்கு ஊருக்கு வராதே என்று எழுதினேன். காரணம் எழுதவில்லை.

அவன் எட்டு நாள் கழித்து வேலைக்குப் புறப்பட்டான். சைக்கிள் ஓட்டலாம் என்றான். நான் முன்னால், அவன் பின்னால். சந்தியில் ஒருவரைக் கட்டியிருந்தார்கள். எங்களுக்குத் தெரியாத ஆள். ஐம்பது வயது இருக்கும். காலில் தோட்டத்து மண். நெஞ்சில் அந்தப் பலகை. கடைசி எழுத்திலிருந்து வழிந்த பெயின்ற் காய்ந்திருந்தது. விட்டிருந்த இடத்தில் ஒரு பெயர் எழுதியிருந்தது. நான் வாசிக்கவில்லை.

அவன் சைக்கிளை விட்டு இறங்கிவிட்டான். அப்படி யாரும் இறங்குவதில்லை. எழுத்துக் கூட்டி முழுதாக வாசித்தான்.

கூப்பிட வாய் திறந்தேன். பகிடிப் பெயர் நாக்கில் வந்து நின்றது. விழுங்கினேன். தாய் தகப்பன் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன்.

அவன் உடனே திரும்பவில்லை. இரண்டாம் தரம் கூப்பிட்ட பிறகுதான் திரும்பினான்.