சைக்கிளில் போய்வரும் தூரம்

பட்டாளத்திலிருந்து நான் ஒரேயடியாக வீடு திரும்பியது ஒரு பங்குனி மாதம், உளுந்து அறுவடை நேரம். திருவாரூர் பக்கத்தில் எங்கள் ஊர். பஸ்ஸை விட்டு இறங்கி ட்ரங்குப் பெட்டியைத் தலையில் தூக்கியதுமே டீக்கடையிலிருந்து ஒருவர், "வாங்க மிலிட்டரி! லீவு எத்தனை நாளு?" என்றார். "லீவெல்லாம் இல்ல, ஒரேயடியா வந்தாச்சு" என்றேன். அவர் நம்பவில்லை. அது போகட்டும். வீட்டில் என் மனைவியும் நம்பவில்லை என்பதுதான் எனக்குச் சுருக்கென்றது. வாசற்கதவுக்குப் பக்கத்தில், லீவுக்கு வரும்போதெல்லாம் வைக்கிற இடத்தில் பெட்டியை வைத்தேன். அவள் அதைத் திறக்கவே இல்லை. "எப்படியும் கெளம்பத்தானே போறீங்க, அங்கயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு உளுந்து புடைக்கப் போய்விட்டாள்.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. அப்போது ஊரே கிளம்பிக்கொண்டிருந்தது. இன்று ஒருவர் துபாய் என்பார், நாளை இன்னொருவர் மஸ்கட் என்பார். பட்டாளத்து ஆள் என்றால் வாட்ச்மேன் வேலைக்குக் கொத்திக்கொண்டு போக ஏஜெண்டுகள் தயார். ஒரு ஏஜெண்ட் என் பாஸ்போர்ட்டைக் கேட்டு வீட்டுக்கே வந்துவிட்டார். அவர் போனதும் மனைவி சொன்னாள்: "உள்ளூர்ல ஒரு வேலை பாருங்க. கெடைக்கலன்னா போங்க, நான் தடுக்கல." தடுக்கல என்று சொன்னபோது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

உள்ளூரில் எனக்குத் தோதாக இருந்தது ஒரே ஒரு வேலைதான். திருவாரூர் சாலையில் புதிதாகக் கட்டியிருந்த அரிசி ஆலைக்குக் குடோன் சூப்பர்வைசர் தேவை. பயோடேட்டாவோடு நேரில் வரச் சொல்லியிருந்தார்கள்.

அந்தச் சனியனை நான் சர்வீஸ் முழுக்க எழுதியதே கிடையாது. பட்டாளத்தில் முதலில் நம்பர், அப்புறம் ரேங்க், கடைசியில்தான் பேர். அப்படியே எழுதினேன். வேலை பார்த்த இடம் எல்லாவற்றுக்கும் ராணுவத் தபால் எண்ணைப் போட்டேன். எந்த மலையில் கிடந்தாலும் எங்களுக்கு அந்த எண்தான் விலாசம், ஊர்ப் பேரை வெளியில் சொல்லக் கூடாது. செய்த வேலை என்ற இடத்தில் 'உத்தரவுப்படி' என்று எழுதி முடித்தேன். ஒரே பக்கம். எனக்குப் பரம திருப்தி.

கடைத்தெருவில் டைப் அடித்துக் கொடுக்கும் பாய், சவூதியில் வருஷக்கணக்காக இருந்துவிட்டு வந்தவர். வெளிநாடு போகிறவர்களுக்கெல்லாம் அவர்தான் பயோடேட்டா அடிப்பார். என் தாளைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏன் சார், ஜெயில்லேர்ந்தா வர்றீங்க? நம்பர் மொதல்ல இருக்கு, ஊரு பேரு ஒண்ணுத்தையும் காணோம்!"

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "ரகசியம் பாய். சொல்லக் கூடாது."

"சொல்லாதீங்க. என்ன வேலை பாத்தீங்கன்னாவது சொல்லுங்க."

"ரேஷன் ஸ்டோர். அரிசி, பருப்பு, எண்ணெய். ஒரு மூட்டை கொறையாது."

"அட, அதுதானே அந்த மில்லுக்கு வேணும்! அதப் போயி உத்தரவுப்படின்னு எழுதி வச்சிருக்கீங்களே!"

என் பேரைத் தூக்கி மேலே போட்டார், ரேஷன் ஸ்டோரைக் குடோன் நிர்வாகம் ஆக்கினார், எல்லாவற்றையும் ஜோராக ஆங்கிலத்தில் அடித்துக் கொடுத்தார். படித்தபோது எனக்கே என் மேல் மரியாதை வந்துவிட்டது.

வீட்டில் கொண்டுபோய் மனைவியிடம் நீட்டினேன். விரல் வைத்து எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டே வந்தவள் கடைசி வரியில் நிறுத்தினாள். "இது என்னங்க?"

"எந்த ஊருன்னாலும் வந்து வேலை பாக்கத் தயார்னு அர்த்தம். சும்மா, வழக்கமா போடுறது."

அவள் தாளைக் கீழே வைத்தாள். "கல்யாணமான நாள்லேர்ந்து இந்த ஒரு வரியோடதாங்க நான் குடும்பம் நடத்துறேன். புள்ள பொறந்தப்பவும் நீங்க இல்ல, வெள்ளத்துல சுவரு இடிஞ்சப்பவும் இல்ல. இன்னும் எந்த ஊருக்குங்க?"

என்ன எழுதலாம் என்று அவளையே கேட்டேன். சொன்னாள். உடனே சைக்கிளை மிதித்தேன்.

பாய் கேட்டுவிட்டுச் சிரித்தார். "அந்த வரிய நான் எல்லாருக்கும் போடுறது சார். இப்படி மாத்துனா எவன் வேலை குடுப்பான்?"

"ஆர்டர் பாய். அடிங்க."

"யாரு ஆர்டர்?"

"மேலிடம்."

பாய் உடனே தாளைச் செருகி அடிக்க ஆரம்பித்தார். அவருக்கும் வீட்டில் மேலிடம் உண்டு.

மறுநாள் ஆலை முதலாளி உட்காரச் சொல்லியும் நான் விறைப்பாக நின்றுகொண்டிருந்தேன். அவர் ஆங்கிலத்தில் இருந்த கடைசி வரியைத் தமிழாக்கிச் சத்தமாகவே படித்தார்: "வீட்டிலிருந்து சைக்கிளில் போய்வரும் தூரத்தில் மட்டும் பணிபுரியத் தயார்." நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "இது என்னங்க, வேலை கேக்க வந்துட்டு நீங்க கண்டிஷன் போடுறீங்க?"

போச்சு, துபாய்தான் என்று நினைத்துக்கொண்டேன். "வீட்டுல போட்டது சார்" என்றேன்.

அவர் நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். "எனக்கு இருந்த ரெண்டு சூப்பர்வைசரும் சரியா சம்பா நெல்லு வந்து எறங்குற நேரத்துல விசா வந்துருச்சுன்னு ஓடிட்டானுங்க. எங்கயும் போகமாட்டேன்னு எழுதிக் குடுத்த மொத ஆளு நீங்கதான். நாளைக்கே வந்துருங்க. வீட்டுலயும் சொல்லிருங்க."

அன்று நான் சைக்கிள் மிதித்த வேகத்தைப் பட்டாளத்தில் எந்த அதிகாரியும் பார்த்ததில்லை. மனைவியிடம் சொன்னேன். "அப்படியா" என்றாள், அவ்வளவுதான். ஒரு பாயசம்கூடக் கிடையாதா என்று முணுமுணுத்துக்கொண்டே கொல்லைப் பக்கம் குளிக்கப் போனேன்.

திரும்பி வந்தால் என் சட்டை துணியெல்லாம் கொடியில் தொங்கின. வாசற்கதவுக்குப் பக்கத்தில் இருந்த ட்ரங்குப் பெட்டி உள் அறைக்குப் போயிருந்தது. மூடியைத் திறந்தேன். விளிம்பு வரைக்கும் புது உளுந்து. கைப்பிடியைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை.

"நகராது" என்றாள் அவள் அடுப்படியிலிருந்து. "தெரிஞ்சுதான் கொட்டியிருக்கேன்."