கையில் தட்டு இருக்கும் வரை

2001 ஏப்ரல், ஈஸ்டர் முடிந்து அடுத்த ஞாயிற்றுக்கிழமை. கலிஃபோர்னியாவில் மில்பிடாஸ் என்ற ஊரிலிருந்து அரை மணி நேரம் வடக்கே, ஃப்ரீவேயை ஒட்டியிருந்த ஒரு தாய்லாந்து புத்தர் கோயிலின் பார்க்கிங் லாட்டில் இது நடந்தது. கோயில் என்றால் கோபுரம் எதுவும் கிடையாது. ஒரு பழைய வீடு. கூரையின் இரண்டு முனைகளில் மட்டும் தங்க நிறத்தில் வளைந்த மரவேலை. அதற்குக் கீழே அன்று ஐந்நூறு பேராவது சொட்டச் சொட்ட நனைந்து நின்றிருப்பார்கள்.

அங்கே நான் எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அப்போது எனக்கு மில்பிடாஸில் ஒரு சர்க்யூட் போர்டு தொழிற்சாலையில் டெஸ்ட் இன்ஜினீயர் வேலை. எச்-1 விசா. வேலை போனால் மறுநாளே பெட்டி கட்ட வேண்டியதுதான் என்கிற நிலைமை.

பிப்ரவரியில் ஒரு வாடிக்கையாளரிடமிருந்து போர்டுகள் திரும்பி வந்தன. கேபிள் செருகும் கனெக்டரின் சால்டரிங்கில் மயிரிழை அளவு விரிசல். அந்த கனெக்டரைக் கையால் சால்டர் செய்வது, அதாவது ஈயம் உருக்கிப் பற்றவைப்பது, ஒரே ஒரு அசெம்பிளி லைன். அந்த லைனுக்குப் பொறுப்பான லீட், ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு தாய்லாந்துப் பெண்மணி. வயது வித்தியாசமில்லாமல் எல்லோரும் அவரை ஆன்ட்டி என்றுதான் கூப்பிடுவோம். நான் விரிசலை மைக்ரோஸ்கோப்பில் பார்த்துப் படம் எடுத்து, கையால் செய்த சால்டரிங்கில்தான் குறை என்று இரண்டு பக்கத்துக்கு ரிப்போர்ட் எழுதினேன். ஆன்ட்டிக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை கொடுத்தார்கள். பதினொரு வருஷ வேலையில் அவருக்கு அது முதல் தடவை.

மார்ச் நடுவில் என் டெஸ்ட் மேடையைச் சுத்தம் செய்தபோது, போர்டை அழுத்திப் பிடிக்கும் கிளாம்ப் ஒரு மில்லிமீட்டர் தாழ்வாக இருப்பதைப் பார்த்தேன். டெஸ்டுக்கு வந்த ஒவ்வொரு போர்டின் கனெக்டரையும் அது நசுக்கியிருக்கிறது. அதைப் பொருத்தியவன் நான். ஆன்ட்டியின் லைனிலிருந்து நல்லபடியாக வந்த போர்டுகளில் என் மேடையில்தான் விரிசல் விழுந்திருக்கிறது. அன்றைக்கே, மற்றவர்கள் பிரேக்குக்குப் போன நேரமாகப் பார்த்து கிளாம்பை மாற்றினேன். விரிசல் நின்றுவிட்டது. எச்சரிக்கை வேலை செய்திருக்கிறது என்று மேனேஜர் மகிழ்ந்துபோனார். நான் வாயைத் திறக்கவில்லை.

அந்த வருஷம் பே ஏரியா முழுக்க ஆள்குறைப்பு. பக்கத்துக் கட்டடத்தின் பார்க்கிங் லாட் பாதி காலி. எங்கள் கம்பெனியிலும் பட்டியல் தயாராகிறது, ஃபைலில் எச்சரிக்கை இருப்பவர்கள் முதலில் போவார்கள் என்று மதிய உணவு நேரத்தில் எல்லோரும் பேசினார்கள். ஆன்ட்டி அடுத்த மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார். அந்தப் பக்கம் பார்க்காமல் சாப்பிட நான் பழகிக்கொண்டேன்.

ஏப்ரலில், புத்தர் கோயிலில் தாய்லாந்துப் புத்தாண்டு விழா என்று நோட்டீஸ் போர்டில் ஒரு தாளை ஒட்டினார் ஆன்ட்டி. லைனில் இருப்பவர்கள் எல்லோருக்கும் அதுதான் அழைப்பு. என் இடத்துக்கு மட்டும் நேரில் வந்தார். "நீ கட்டாயம் வரணும். தண்ணி ஊத்துவோம். பழைய சட்டை போட்டுட்டு வா" என்றார். அவருடைய ஆங்கிலம் இப்படித்தான் இருக்கும், சின்னச் சின்ன வாக்கியங்களாக.

கோயிலுக்கு யாராவது பழைய சட்டையில் போவார்களா? தண்ணீர் என்றதும் உள்ளங்கையில் தீர்த்தம் வாங்குவது போல ஏதோ ஒன்று என்று நினைத்துக்கொண்டேன். வெள்ளை முழுக்கைச் சட்டையை இஸ்திரி போட்டு, ஷூவுக்குப் பாலிஷ் போட்டு, இடுப்பில் பேஜர் மாட்டிக்கொண்டு கிளம்பினேன். கூட வந்தவன் என் ரூம்மேட், நாகர்கோவில்காரன். தவக்காலம் நாற்பது நாளும் இறைச்சி தொடாமல் இருந்துவிட்டு, ஈஸ்டரிலிருந்து விட்டதைப் பிடித்துக்கொண்டிருந்தவன். கோயிலில் கோழி சுடுவார்கள் என்று நோட்டீஸில் போட்டிருந்ததை நான் சொன்ன பிறகு அவனை நிறுத்த முடியவில்லை.

போகும் வழியில் அவனிடம் கிளாம்ப் விஷயத்தைச் சொன்னேன். அதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

"வாய மூடிட்டு இருல மக்கா" என்றான். "நீ போயி சொன்னேன்னா, பட்டியல்ல அவங்க பேரு இருக்கிற எடத்துல ஒம் பேரு வரும். அவங்களுக்கு கிரீன் கார்டு இருக்கு. ஒனக்கு என்னல இருக்கு?"

ரேடியோவைப் போட்டேன்.

கோயில் வாசலில் பன்னிரண்டு வயதிருக்கும் ஒரு பெண், ஆளுக்கொரு ஜிப் பிளாஸ்டிக் பை கொடுத்தாள். பர்ஸ், பேஜர், கார் சாவி எல்லாவற்றையும் போட்டு மூடி, கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். அவள் என் சட்டையை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் தன் தோழியிடம் ஏதோ சொல்ல, இருவரும் சிரித்தார்கள். பக்கத்தில் ஒரு அட்டையில் மார்க்கர் பேனாவால் மூன்று விதிகள் எழுதியிருந்தார்கள். பிட்சுக்கள் மேல் ஊற்றக் கூடாது. பெரியவர்களுக்கு ஐஸ் தண்ணீர் கூடாது. கையில் சாப்பாட்டுத் தட்டு வைத்திருப்பவர்கள் மேல் ஊற்றக் கூடாது.

நான் மூன்றாவது விதியைப் படித்துக்கொண்டிருக்கும்போதே முதல் வாளி முதுகில் விழுந்தது. ஐஸ் தண்ணீர். மூச்சு நின்று வந்தது. திரும்பினால் எட்டு வயதுப் பையன் ஒருவன், கைகூப்பி, குனிந்து, "ஹேப்பி நியூ இயர், சார்!" என்றான். அவ்வளவு மரியாதையாகக் கும்பிடுபவனிடம் என்னவென்று கோபப்படுவது?

உள்ளே ஒரு பிக்கப் டிரக் நடந்து போகும் வேகத்தில் வட்டமடித்துக்கொண்டிருந்தது. அதன் பின்பக்கம் நீல நிற டிரம்கள், டிரம்மைச் சுற்றி மக்கள், எல்லோர் கையிலும் வாளி. தரையில் நிற்பவர்கள் தோட்டத்துக் குழாயால் டிரக்கைத் திருப்பித் தாக்கினார்கள். வயதான ஒரு பெண்மணி கிண்ணத்தில் வெள்ளைச் சுண்ணக் குழம்பு வைத்துக்கொண்டு, எதிர்ப்பட்டவர்கள் கன்னத்திலெல்லாம் மூன்று விரலால் தடவிக்கொண்டே போனார். போக்குவரத்தைப் பார்க்க வந்திருந்த போலீஸ்காரரிடம் ஒரு குழந்தை டம்ளரை நீட்டி அனுமதி கேட்டது. அவர் இடுப்பு ரேடியோவைக் கழற்றித் தன் காருக்குள் பத்திரமாக வைத்துவிட்டு, ஒரு கையை மட்டும் நீட்டினார்.

"தட்டு வாங்குல, தட்டு!" என்று என்னை இழுத்துக்கொண்டு ஓடினான் ரூம்மேட். சட்டத்தின் ஓட்டையை என்னைவிட வேகமாகக் கண்டுபிடித்துவிட்டான்.

சுட்ட கோழி, விரலில் பசைபோல ஒட்டும் ஒட்டுச் சோறு, உரலில் இடித்த பப்பாளிக்காய் சாலட். காகிதத் தட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நாங்கள் அந்தக் கலவரத்தின் நடுவே நடந்தோம். வாளியோடு பாய்ந்து வருகிறவர்கள் தட்டைப் பார்த்ததும் பிரேக் போட்டு, தலையாட்டிவிட்டு அடுத்த ஆளைத் தேடிப் போனார்கள். அதிசயமாக இருந்தது. ஆனால் தட்டு காலியானால் கதை முடிந்தது. அவன் மூன்று தட்டு சாப்பிட்டான். நான் ஒரே ஒரு கோழி எலும்பைத் தட்டில் வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் ஓட்டினேன்.

எங்கள் லைன் ஆட்கள் ஒரு மரத்தடியில் வரிசையில் நின்றார்கள். நிழலில் மடக்கு நாற்காலிகளில் பெரியவர்கள். அதில் ஒருவராக, பூப்போட்ட சட்டையில், ஆன்ட்டி. வரிசையில் வந்தவர்கள் ஒவ்வொருவராக மண்டியிட்டு, மல்லிகை மிதக்கும் தண்ணீரைக் கிண்ணத்திலிருந்து அந்தப் பெரியவர்களின் உள்ளங்கையில் மெதுவாக ஊற்றினார்கள். இருபதடி தள்ளி அவ்வளவு கூச்சல். இங்கே ரகசியம் பேசுவதுபோலப் பேசினார்கள்.

எனக்கு முன்னால் நின்ற லாவோஸ்காரப் பெண், எங்கள் லைனில் வேலை செய்பவள். என்ன செய்ய வேண்டும் என்று அவளிடம் கேட்டேன்.

"இந்த வருஷம் முழுக்க இவங்களுக்கு நாம தெரிஞ்சோ தெரியாமலோ ஏதாவது தப்பு செஞ்சிருந்தா மன்னிச்சுக்கச் சொல்லணும். அவங்க ஆசீர்வாதம் பண்ணுவாங்க. சும்மா ஒரு சடங்குதான்" என்றாள்.

வரிசையிலிருந்து விலகிவிடலாம் என்று திரும்பினேன். பின்னால் ரூம்மேட் நான்காவது தட்டோடு நின்றான். எனக்கு மட்டும் கேட்கும்படி, "சும்மா ஊத்திட்டு வா. கதையெல்லாம் சொல்லாண்டாம்" என்றான்.

என் முறை வந்தது. மண்டியிட்டேன். ஒரு கையில் தட்டு. இன்னொரு கையால் கிண்ணத்தை எடுக்கப் பார்த்தேன், முடியவில்லை. ஆன்ட்டி குனிந்து, என் கையிலிருந்த தட்டை வாங்கித் தன் நாற்காலிக்கு அடியில் வைத்தார். பிறகு இரண்டு கைகளையும் நீட்டினார். விரல் நுனிகளில் சால்டரிங் சுட்ட பழைய புள்ளிகள் இருந்தன.

தண்ணீரை ஊற்றினேன். சடங்காகச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு எழுந்திருக்கலாம் என்றுதான் நினைத்தேன். வாயில் வேறு வந்தது. விரிசல் உங்கள் தப்பு இல்லை, என் கிளாம்ப், மார்ச்சிலிருந்து எனக்குத் தெரியும் என்று சொன்னேன். கிண்ணம் காலியாகிவிட்டது. காலிக் கிண்ணத்தைச் சாய்த்தபடியே உட்கார்ந்திருந்தேன்.

"நீ கிளாம்ப் மாத்தின அன்னிக்கே பார்த்தேன்" என்றார் ஆன்ட்டி. "பழசுல பெயிண்ட் போயிருந்தது. புதுசு பளபளன்னு இருந்தது. விரிசலும் அன்னியோட நின்னுபோச்சு."

ஒரு மாதத்துக்கு மேல் தெரிந்து வைத்திருக்கிறார்.

"ஏன் மேனேஜர்கிட்ட சொல்லலை?"

"நான் சொன்னா, தப்பிக்கிறதுக்குச் சொல்றேன்னு நினைப்பார். நீ சொல்லணும். சொல்லுவேன்னு பார்த்தேன். மெதுவான ஆளு நீ."

ஈரக் கையை என் தலைமேல் வைத்துத் தாய்லாந்து மொழியில் ஏதோ சொல்லி ஆசீர்வதித்தார். எழுந்திருக்கப் போனவனைத் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்.

"தண்ணியில சொன்னது காஞ்சு போயிடும். நாளைக்குப் பேப்பர்ல சொல்லு."

சரி என்றேன். அவர் என் தோளுக்கு மேலே பார்த்துக் குரல் கொடுத்தார். என்ன சொன்னார் என்று புரியவில்லை. ஆனால் வாசலில் என்னைக் கும்பிட்ட அதே பையன் பதிலுக்குக் கத்தியது நன்றாகவே புரிந்தது.

"நோ ப்ளேட்! நோ ப்ளேட்!"

டிரக்கில் இருந்தவர்கள் வரை இறங்கி வந்தார்கள். எத்தனை வாளி என்று எண்ணவில்லை. ஷூவுக்குள் ஐஸ் துண்டு போய்விட்டது. யாரோ முகம் முழுக்கச் சுண்ணக் குழம்பு அப்பினார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோது, ஆன்ட்டி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். தொழிற்சாலையில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. நானும் சிரித்தேன். இரண்டு மாதத்தில் அப்படி நானும் சிரித்ததில்லை.

யாரோ என் கையில் ஒரு வாளியைத் திணித்தார்கள். ஒரு நிமிஷம் அப்படியே நின்றேன். எங்கள் கோபிசெட்டிபாளையம் பக்கம் மாரியம்மன் பண்டிகையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவோம், ஆனால் முறை பார்த்துத்தான். மாமன், மச்சான் என்றால் ஊற்றலாம். பங்காளி மேல் ஊற்ற மாட்டோம். இங்கே நான் யாருக்கு என்ன முறை? வாளியை வைத்துக்கொண்டு முழிப்பதற்கான காரணத்தை ரூம்மேட்டிடம் சொன்னேன்.

"நாம தெனமும் மச்சான் மச்சான்னுதான கூப்பிடுதோம்?" என்று சொல்லிவிட்டுச் சிரித்தான். சிரித்த வேகத்தில் நான்காவது தட்டு கை நழுவிப் புல்லில் விழுந்தது. அது விழுந்த சத்தம் அடங்குவதற்குள் ஊற்றினேன்.

காரில் திரும்பும்போது சீட்டில் பழைய செய்தித்தாளைப் போட்டு உட்கார்ந்தோம். குளிரில் பல் கிட்டியது. "சொல்லிட்டியாக்கும்?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். ஹீட்டரைக் கூட்டிக்கொண்டே, "நாளைக்கு எழுதறப்ப ஸ்பெல்லிங் நான் பாக்கேன். நீ எழுதுறது சகிக்காது" என்றான்.

திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். மேனேஜர் இரண்டு முறை படித்தார். "மார்ச்சிலேயே தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். மதியத்துக்குள் ஆன்ட்டியின் ஃபைலிலிருந்து எச்சரிக்கை எடுக்கப்பட்டது. என் ஃபைலில் ஒன்று ஏறியது.

ஜூலையில் பட்டியல் வந்தது. ஆன்ட்டியின் பெயர் அதில் இல்லை. என் பெயர் இருந்தது. அந்த எச்சரிக்கைதான் காரணமா, எப்படியும் என் பெயர் வந்திருக்குமா என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. தூங்காத இரவுகள் கொஞ்சம் இருந்தன, மறைக்கவில்லை. டெக்சாஸில் ஆலன் என்ற ஊரில் ஒரு கம்பெனி என் விசாவைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளச் சம்மதித்தது. இன்டர்வியூவில், பழைய வேலையில் செய்த பெரிய தப்பு என்ன என்று கேட்டார்கள். கிளாம்ப் கதையைச் சொன்னேன். வாளிகளையும் சேர்த்துத்தான்.

கடைசி நாளன்று அட்டைப் பெட்டியில் என் சாமான்களைப் போட்டுக்கொண்டு பார்க்கிங் லாட்டுக்கு வந்தேன். பெட்டியைக் காரில் வைத்துவிட்டு நிமிர்ந்தால், நீல நிற வேலைக் கோட்டோடு ஆன்ட்டி வந்துகொண்டிருந்தார். கையில் அலுமினியத் தாள் போட்டு மூடிய காகிதத் தட்டு. சுட்ட கோழியும் ஒட்டுச் சோறும். சூடாக இருந்தது. என் இரண்டு கையிலும் அதை வைத்துவிட்டு, "பிடிச்சுக்கோ. தட்டு கையில இருக்கிற வரைக்கும் யாரும் உன்னை ஒண்ணும் பண்ண முடியாது" என்றார்.

இன்றைக்கும் வேலையில் ஏதோ ஒன்றைச் சொல்லாமல் தள்ளிப்போடுகிறேன் என்று தெரியும்போதெல்லாம், நாற்காலிக்கு அடியில் ஆன்ட்டி வாங்கி வைத்த அந்தத் தட்டு நினைவுக்கு வருகிறது. கையில் பிடித்திருப்பதைக் கீழே வைத்துவிட்டு, நனையத் தயாராகிறேன்.