தள்ளினால் ஓடும் குதிரை

போன ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை. பிரிக்பீல்ட்ஸிலிருந்து பாசாருக்கு, அதாவது சந்தைக்கு, நடந்துகொண்டிருந்தேன். இப்போதைக்கு அங்கேதான் காய்கறி மூட்டை இறக்குகிறேன். வழியில் அந்தப் புது கேளிக்கைப் பார்க். பூட்டிய கதவுக்கு முன்னால் ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலைகள், நடுவில் ஒரு சோற்றுத் தூக்கு.

கிட்டே போய்ப் பார்த்தால்... சின்னையா. கிள்ளான் பக்கத் தோட்டத்தில் நான் ரப்பர் மரம் சீவிய காலத்தில் அடுத்த நிரையில் சீவியவன். கூடவே மனைவி பாக்கியம், இரண்டு சின்னப் பெண்கள்.

"என்னப்பா, இந்நேரத்துக்கு இங்க?"

"குதிரை ராட்டினம் பார்க்க வந்தோம்ணே. இருட்டோட கிளம்பி முதல் ரயிலைப் பிடிச்சோம். கதவு எப்போ திறப்பாங்க?"

"சாயங்காலம் அஞ்சு மணிக்கு."

சின்னையா சிரித்தான். நான் விளையாடுகிறேன் என்று நினைத்துவிட்டான். பாக்கியம் சிரிக்கவில்லை.

கதவுக்கு உள்ளே காவலுக்கு இருந்த ஆளும் தமிழர்தான். பல் துலக்கிக்கொண்டே வந்தார். "என்னண்ணே, பால் எடுக்க வந்துட்டீங்களா? வாளி எங்கே?"

"உள்ளே மரம் இருந்தா காட்டுங்க, சீவிட்டுப் போறோம்" என்றாள் பாக்கியம்.

அவர்கள் செய்த தப்புதான் என்ன? தோட்டத்தில் விடியும் முன்பே பெரட்டு — ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவார்கள். வெயில் ஏறினால் மரத்தில் பால் நின்றுவிடும். ஆக, எல்லாமே காலையில்தான் என்பது அந்த ஜனத்துக்கு ரத்தத்தில் ஊறிய விஷயம். பார்க்காரர்கள் வேறு தோட்டம் வரைக்கும் தமிழில் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார்கள். 'குடும்பத்தோடு ஒரு நாள் மகிழ்ந்திருக்க வாருங்கள்!' ஒரு நாள் என்று போட்டால் விடிந்ததும் வரமாட்டார்களா? பொழுது சாயும்போது கதவைத் திறந்துவிட்டு அதற்கு நாள் என்று பேர் வைத்தது யார்?

மூட்டை போகட்டும் என்று அவர்களை என் அறைக்குக் கூட்டிப் போனேன். ஐந்து பேர் முறை வைத்துத் தூங்குகிற அறை. இரண்டு பேர் வேலைக்குப் போயிருந்ததால் உட்கார இடம் கிடைத்தது.

அங்கேதான் விஷயம் தெரிந்தது. குதிரை ஆசை பிள்ளைகளுக்கு இல்லை, பாக்கியத்துக்கு. தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் கங்காணியின் மனைவி இங்கே வந்து ஏறிவிட்டுப் போய், குழாயடியில் தினமும் அதே பேச்சாம்.

"பொம்பளைங்களும் ஏறலாமாமே, நிஜமாண்ணே?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"ஏறலாம்."

"இவருகிட்ட சொல்லுங்க. கூச்சப்படுறாரு."

அஞ்சு மணிக்குக் கதவு திறந்தது. நாங்கள்தான் முதல் ஆள். இருட்டோடு எழுந்த பிள்ளைகள் இரண்டும் அதற்குள் தோளில் தூங்கிவிட்டன. ராட்டினத்துக்குப் போனால் குதிரைகள் மேல் தார்ப்பாய் போர்த்தியிருந்தது. பக்கத்தில் ஒரு சீனக் கிழவர் எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்த பாசார் மலாயில் கேட்டேன். விளக்கு எரிந்த பிறகுதான் குதிரை ஓடுமாம். தவுக்கே, அதாவது பார்க் முதலாளி, போட்ட உத்தரவாம். முதலாளி பேச்சை மீறி அவர் என்ன செய்வார்?

விளக்கு ஏழு மணிக்கு. இவர்கள் ரயில் ஆறரைக்கு. அதை விட்டால் காலைப் பெரட்டுக்குப் போய்ச் சேர முடியாது. பேர் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் அந்தக் கங்காணியிடமே போய்க் கெஞ்சி நிற்க வேண்டும். அவன் மனைவி குழாயடியில் அதையும் சேர்த்துச் சொல்லுவாள்.

பாக்கியம் தார்ப்பாய்க்கு வெளியே தெரிந்த ஒரு மரக் குதிரையின் காதைத் தொட்டுப் பார்த்தாள். அவ்வளவுதான். கிழவர் என்ன நினைத்தாரோ, தார்ப்பாயை இழுத்துப் போட்டார். உட்காரு என்று கை காட்டினார்.

சேலையைச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். ஓடாத குதிரைதான். ஆனாலும் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

சின்னையா ஒரு பிள்ளையை என் தோளிலும் இன்னொன்றைப் பெஞ்சிலும் போட்டான். "சேத்துல புதைஞ்ச மாட்டு வண்டியையே தள்ளியிருக்கோம், இது என்ன?" என்று தோளைக் கொடுத்தான். அசையவில்லை. கிழவர் தலையை ஆட்டிவிட்டு இஞ்சின் பெல்ட்டைக் கழற்றிவிட்டார். பிறகு எதிர்ப்பக்கம் போய் அவரும் ஒரு கை போட்டார்.

குதிரை நகர்ந்தது.

பாக்கியம் சத்தம் போடவில்லை, சிரிக்கவும் இல்லை. நேராகப் பார்த்துக்கொண்டே சுற்றி வந்தாள். அதற்குள் கூட்டம் வர ஆரம்பித்துவிட்டது. இஸ்திரி போட்ட கோட்டு, கால்களில் பூட்ஸ். ஒரு ஆபீஸ் கிராணி தன் பிள்ளைகளுக்கு விரலை நீட்டிக் காட்டிச் சிரித்தார். காவல்காரர் ஓடி வந்தார்.

"இறங்கச் சொல்லுங்க. இது என்ன உங்க தோட்டமா?"

எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுதினால் பத்திரிகை ஆசிரியர் அந்த வரியை அடித்துவிடுவார். தோட்டம் இல்லைதான் ஐயா. ஆனால் இந்த ஊருக்குப் பணம் எங்கிருந்து வந்தது? விளக்கும் இசைத்தட்டும் எந்தப் பாலில் முளைத்தன? விடியும் முன் எழுந்து அதை எடுத்துக் கொடுத்தவள் ஒரு சுற்று சுற்றினால் உங்கள் மரக் குதிரைக்குக் கால் ஒடிந்துவிடுமா?

ஸ்டேஷனுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனோம். ரயில் புகையைக் கக்கிக்கொண்டு நின்றது. ஜன்னல் ஓரம் உட்கார்ந்ததும் பாக்கியம் கேட்டாள்.

"அண்ணே, இஞ்சின் போட்டா இதைவிட நல்லா ஓடுமோ?"

"இல்லம்மா."

"இல்லவே இல்ல" என்றான் சின்னையா, தோளைத் தேய்த்துக்கொண்டே.

பார்க் முதலாளிக்கு ஒரு வார்த்தை: காலையில் கதவை மட்டும் திறந்து வையுங்கள், குதிரையை நாங்களே தள்ளிக்கொள்கிறோம்.