மூளைப் படிப்பும் சாத்திய கதவும்

இன்று ஆயர் ஈத்தாம் போகும் பேருந்தில் சந்தைப் பையோடு உட்கார்ந்திருந்தேன். வாங்கிய கங்கோங் கீரை பாதி வாடல், அது வேறு கதை.

பக்கத்தில் எங்கள் ஃபிளாட் சரோஜாக்கா.

"தம்பி, உன் மவ யூனிவர்சிட்டில என்னாதான் படிக்குது?"

"மூளை எப்படி நெனைக்குது, எப்படி மறக்குதுன்னு படிக்குதுக்கா."

"அப்ப டாக்டரா?"

"டாக்டர் இல்லக்கா."

"ஐயோ, பைத்தியக்காரங்க படிப்பா! மாப்பிள்ள வீட்டுல சொல்லிடாத லா!"

பேருந்தே திரும்பிப் பார்த்தது.

இறங்கும் இடம் நெருங்கியதும் அக்கா குரலைத் தாழ்த்தினார்.

"என் மவன் பிறை ஃபேக்டரியில பாத்த வேலைய விட்டுட்டான். ரூம விட்டே வர்றதில்ல, சோறும் வேணாங்குறான். உன் மவ வந்து பாக்குமா? இருட்டுனப்புறம் வரச் சொல்லு."

"அது இன்னும் படிக்கிற பொண்ணு, வைத்தியம் தெரியாது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. நானும் வரேன்."

"ஆஸ்பத்திரியா? யாராவது பாத்துட்டா அவனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்?"

மணியை அழுத்திவிட்டு எனக்கு முன்னால் இறங்கிப் போய்விட்டார்.

மகன் பட்டினி கிடக்கலாம். ஆனால் குறையில்லாத மாப்பிள்ளையாகக் கிடக்க வேண்டும்.

உங்கள் ஃபிளாட்டிலும் இப்படித்தானா?