சிலிண்டர்காரர் வீட்டு ஒத்திகை

என் அக்கா புருஷனுக்குத் தெருவில் வைத்த பெயர் சிலிண்டர். ஆபீஸ் சுவரிலும் கடைச் சுவரிலும் சிவப்பாகத் தொங்குமே தீயணைப்பு சிலிண்டர், அதில் பவுடர் நிரப்பி, அழுத்தம் காட்டும் முள் சரியாக நிற்கிறதா என்று பார்த்து, தேதி எழுதி ஒட்டிவிட்டு வருவது அவர் வேலை. போகிற இடமெல்லாம் சிலிண்டருக்கு முன்னால் பீரோவை நகர்த்தி வைத்திருப்பார்கள், இல்லையென்றால் அதில் குடையை மாட்டியிருப்பார்கள். பார்த்துப் பார்த்து அவருக்கு மனுஷ ஜாதி மேலேயே நம்பிக்கை போய்விட்டது. என்றைக்காவது ஒரு நாள் எல்லாம் எரியும், அல்லது முழுகும், அன்றைக்கு ஒருத்தனும் உதவிக்கு வரமாட்டான் என்பது அவர் கட்சி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு என்னையும் காட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார். ஈர விறகில் நெருப்பு மூட்டுவது, ஓடைத் தண்ணீரை வடிகட்டிக் காய்ச்சுவது, வழி தவறினால் நின்ற இடத்திலேயே நின்று விசில் ஊதுவது என்று வரிசையாகப் பாடம். ஊதி ஊதி எங்கள் கண்தான் சிவந்தது, விறகு பற்றவில்லை. அக்கா மரத்தடியில் உட்கார்ந்து பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றினாள். தாகம் எடுத்த பிறகு கிணறு வெட்டக்கூடாது என்று அத்தான் எனக்கு உபதேசம் செய்தார், அந்தக் காபியைக் குடித்துக்கொண்டே.

சிரித்தேனே தவிர, அவர் பயந்ததில் நியாயம் இருந்தது. அவர்கள் குடியிருந்தது மூன்றாவது மாடி. கீழ்த்தளம் முழுக்க மெத்தைக் கிடங்கு. பஞ்சும் நுரையும் கூரை வரைக்கும் அடுக்கியிருக்கும். ஏறி இறங்க ஒரே படிக்கட்டு. கட்டிடக்காரரிடம் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். வேறு வீடு பார்க்கலாம் என்றால், படுக்கையில் கிடக்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார் என்றதும் எல்லா வீட்டுக்காரரும் கையை விரித்தார்கள்.

பெரியவர் என்றால் அத்தானின் அப்பா. ஒரு காலத்தில் லாரி ஓட்டினவர். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. வாய் குழறினாலும் நக்கலுக்குக் குறைவில்லை.

அதனால் மாதம் தவறாமல் அந்த வீட்டில் ஒத்திகை நடக்கும். அக்காவின் வேலை கேஸையும் மெயினையும் அணைத்துவிட்டுப் பத்திரங்கள் உள்ள பையை எடுப்பது. பத்தாவது படிக்கும் மகளின் வேலை அந்த மாடியில் இருந்த மற்ற வீடுகளின் கதவைத் தட்டி ஆட்களைக் கிளப்புவது. பெரியவரை முதுகில் போட்டுக்கொண்டு இறங்குவது அத்தான் வேலை. எல்லாரும் எதிரே இருக்கும் பஸ் ஸ்டாப்பில் சேர வேண்டும். நடுவில் எதற்காகவும் நிற்கக்கூடாது. வெளியே வந்தவர்கள் மறுபடி உள்ளே போகக்கூடாது.

முதல் ஒத்திகையிலேயே பெரியவர் முரண்டு பிடித்தார்.

"என்னைத் தூக்கிட்டுப் போறது ஒரே தடவைதான்டா. அதுக்கு எதுக்கு ஒத்திகை?"

வீடே சிரித்தது. அதற்கப்புறம் அவரைத் தூக்குவதில்லை. அத்தான் கட்டிலை ஒரு தட்டு தட்டி "தாத்தா வந்தாச்சு" என்று குரல் கொடுப்பார், அவரைத் தூக்கியாயிற்று என்று கணக்கு. சமையலறையில் இருக்கும் அக்காவுக்கு அந்தக் குரல்தான் அடையாளம். கேட்டதும் பையோடு இறங்கிவிடுவாள். அத்தான் வேலைக்குப் போன நாளிலும் ஒத்திகை உண்டு. போன் பண்ணி "ஆரம்பிங்க" என்பார். அன்றைக்குக் கட்டிலைத் தட்டிக் குரல் கொடுப்பது மகள்.

இத்தனை யோசித்த மனுஷன், தான் இல்லாத அன்று அப்பாவை யார் தூக்குவது என்று யோசிக்கவில்லை. எனக்கும் தோன்றவில்லை, அக்காவுக்கும் தோன்றவில்லை. ஒத்திகைதான் நன்றாக நடந்ததே.

தீப்பிடித்தது பள்ளிக்கூடம் லீவு விட்டிருந்த ஒரு மத்தியானம். எப்படிப் பிடித்தது என்று இன்று வரைக்கும் தெரியாது. அத்தான் நகரத்தின் அந்தக் கோடியில் ஒரு ஜவுளிக்கடையில் சிலிண்டர் மாற்றிக்கொண்டிருந்தார். வீட்டுக்குள் முதலில் வந்தது புகை. கறுப்பாக, கண்ணைத் திறக்க முடியாத புகை. மகள் துண்டை நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டாள். அக்கா தடவித் தடவி கேஸை மூடினாள், மெயினை இறக்கினாள். கூடத்திலிருந்து "தாத்தா வந்தாச்சு" என்று குரல் கேட்டது. பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். மகள் ஒவ்வொரு கதவாகத் தட்டி எல்லாரையும் கிளப்பிக்கொண்டு பின்னாலேயே வந்தாள். அந்த மாடியில் ஒரு கைக்குழந்தை கூட இருந்தது. ஒருவருக்கும் கீறல் இல்லை.

பஸ் ஸ்டாப்பில் மூச்சு வாங்கி நின்ற பிறகுதான் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அக்கா திரும்பி ஓடினாள். அதற்குள் படிக்கட்டு வாயிலிருந்து தீ வெளியே நீண்டுகொண்டிருந்தது. நாலு பேர் பிடித்து இழுத்துத் தரையில் உட்கார வைத்தார்கள்.

நான் போய்ச் சேர்ந்த நேரத்தில்தான் அத்தானும் வந்து இறங்கினார். பையும் ஆளுமாக இருவரையும் பார்த்ததும் அவர் முகத்தில் வந்த நிம்மதியை நான் பார்த்தேன். பார்க்காமலே இருந்திருக்கலாம். அப்பா எங்கே என்று கேட்டார்.

"தாத்தா வந்தாச்சுன்னு குரல் கேட்டுச்சுங்க. நான் இறங்கிட்டேன்" என்றாள் அக்கா.

தீயணைப்பு வண்டிக்காரர்கள் பெரியவரைக் கீழே கொண்டுவந்தபோது உடம்பில் தீக்காயம் எதுவும் இல்லை. புகைதான் கொன்றிருந்தது.

இப்போது அவர்கள் இருப்பது ஒற்றை அறை வீடு. பழைய மாடிக்காரர்கள் தேடிக்கொண்டு வந்தார்கள். கைக்குழந்தையின் அம்மா மகளின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, நீ இல்லேன்னா நாங்க இல்லம்மா என்று அழுதாள். மகள் கையை உருவிக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். அவர்கள் போகும்வரை வெளியே வரவில்லை. சாப்பாடும் சரியில்லை, பள்ளிக்கூடமும் போகவில்லை. தெருவில் நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். வாய்க்கு வந்ததைப் பேசுகிறவர்களுக்கு என்ன, அரிசியா செலவு?

கடைசியில் அத்தானே அவள் எதிரில் போய் உட்கார்ந்தார். அன்று நானும் அங்கே இருந்தேன். இப்படியே விட்டால் பெண்ணும் கைவிட்டுப் போய்விடும் என்று அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

"உன் மேல ஒரு தப்பும் இல்லம்மா. நான் சொல்லிக்குடுத்தபடிதான் நீ செஞ்சே. தப்பு என்னோடது. என்னைத் திட்டு. வாயைத் திறந்து ஒரு வார்த்தை திட்டிடும்மா."

அவள் திட்டவில்லை. அழவும் இல்லை. தன் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கட்டிலைத் தட்டினேன்பா. தாத்தா என் கையைப் பிடிச்சுக்கிட்டாரு. ஒண்ணும் சொல்லல. சும்மா பிடிச்சுக்கிட்டாரு. நடுவில நிக்கக்கூடாதுன்னு நீங்க சொல்லியிருக்கீங்க இல்ல, அதான் ஒவ்வொரு விரலா எடுத்துவிட்டுட்டு வந்தேன்."

அக்கா சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். அத்தான் மகளைத் தொடக் கையை நீட்டினார். அவள் சட்டென்று தன் கையைப் பின்னால் எடுத்துக்கொண்டாள். நீட்டிய கையை என்ன செய்வது என்று தெரியாமல் அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார்.